பெஞ்சில் இருவர், கூடத்தில் எட்டுப் பேர்

ஜிம்பாப்வேயின் 'நட்பு பெஞ்ச்' திட்டத்தையும் பின்லாந்தின் 'திறந்த உரையாடல்' முறையையும் அருகருகே வைத்துப் பேசினால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகத் தோன்றக்கூடும். முதலாவது, ஹராரே நகரின் மருத்துவ நிலையங்களில், கட்டடத்துக்கு வெளியே மர நிழலில், உள்ளூர்ப் பாட்டிமார் நடத்துவது. இரண்டாவது, சுவீடன் எல்லையை ஒட்டிய டோர்னியோ வட்டாரத்தில், குடும்பச் சிகிச்சையை முறையாகப் பயின்ற செவிலியரும் உளவியலாளரும் மருத்துவரும் சேர்ந்து நடத்துவது. பெஞ்சுக்கு வருபவர்கள் பெரும்பாலும் மனச்சோர்விலோ மனப்பதற்றத்திலோ வதைபடுகிறவர்கள். டோர்னியோ பெயர் வாங்கியதோ காதில் குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று தவிக்கும் சைக்கோசிஸ் நிலையினரோடு பழகிய விதத்தால். ஒரு நாட்டில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாட்டில் பொதுச் செலவில் ஒரு குழுவே வீடு தேடி வரும்.

வேற்றுமை இவ்வளவு வெளிப்படையாக இருக்கும்போது ஒப்பிடுவானேன்? மனநல சேவையில் மரியாதை என்பதை இரண்டுமே ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கின்றன. 'நோயாளியிடம் கனிவாக நடந்துகொள்ளுங்கள்' என்று ஊழியரிடம் கேட்டுக்கொள்வதோடு இவை நிற்கவில்லை. யார் எங்கே உட்காருவது, யார் முதலில் பேசுவது, யார் காதில் எது விழலாம், எப்போது வாயை மூடிக்கொள்வது என்று ஏற்பாடாகவே செய்து வைத்திருக்கின்றன. எரிச்சலோடு வேலைக்கு வந்த ஊழியரும் அந்த ஏற்பாட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் ஓரளவு மரியாதையாகத்தான் நடந்தாக வேண்டும். குணத்தை நம்பாமல் உட்காரும் முறையை நம்பிய இரண்டு திட்டங்கள் என்ற வகையில் இவை பங்காளிகள். நோய்க்குறி மறைவது வேறு, நோயோடோ நோயைத் தாண்டியோ தனக்கென ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்வது வேறு என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஆந்தனி 1993-இல் எழுதினார். அதற்குப் பிறகு 'மீட்சி' என்ற பேச்சு மனநலத் துறையில் பெருகியது. பேச்சு பெருகிய அளவுக்கு நாற்காலிகள் இடம் மாறவில்லை. இந்த இரண்டு இடங்களிலும் மாறின.

தொடக்கத்தைப் பார்த்தால் இரண்டுமே தோல்வியிலிருந்துதான் முளைத்திருக்கின்றன. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் ஹராரேயில் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். 2005-இல் அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு அழைத்துவரப் பேருந்துக்கு 15 டாலர் இல்லை என்று தாய் பின்னர் சொன்னதாகச் சிபாண்டா பல மேடைகளில் கூறியிருக்கிறார். அதே ஆண்டில் அந்நாட்டு அரசு 'ஒப்பரேஷன் முரம்பட்ஸ்வினா' என்ற பெயரில் நகர்ப்புறக் குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளியது. ஏறத்தாழ 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்ததாக ஐ.நா. கணக்கிட்டது. அடிபட்ட பகுதிகளில் ஒன்றான ம்பாரேயில் ஏதாவது செய்ய வேண்டும் என்று 2006-இல் சிபாண்டா இறங்கியபோது, அவருக்கு அறை கிடைக்கவில்லை, செவிலியர் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் நகராட்சியின் சுகாதாரப் பணியாளர்களாக ஏற்கெனவே வீடு வீடாகப் போய்வந்துகொண்டிருந்த 14 பாட்டிமார்.

டோர்னியோவின் தோல்வி இத்தனை கொடியதன்று. ஆனால் இதுவும் தோல்விதான். கெரோபுதாஸ் மருத்துவமனையில் 1980-களின் தொடக்கத்தில் யாக்கோ செய்க்குலா, பிர்கிட்டா அலகாரே, மார்க்கு சுடேலா முதலியோர் குடும்பச் சிகிச்சையை நடைமுறைக்குக் கொண்டுவர முயன்றார்கள். ஊழியர்கள் முதலில் தங்களுக்குள் கூடித் திட்டம் போடுவார்கள். பிறகு குடும்பத்தைக் கூப்பிடுவார்கள். வந்த குடும்பங்கள் கொஞ்சம்தான். சமைத்து முடித்த பிறகு 'வந்து ருசி சொல்லுங்கள்' என்று அழைத்தால் யார் வருவார்கள்? 1984 ஆகஸ்டில் மருத்துவமனை ஒரு முடிவெடுத்தது: நோயாளியைப் பற்றிய எந்தப் பேச்சும் இனி அவர் இல்லாத இடத்தில் நடக்காது. இன்னொரு நகரான துர்க்குவில் யூர்யோ அலானெனின் குழு, ஒவ்வொருவருக்கும் அவரவர் தேவைக்கேற்ப சிகிச்சையை வகுக்கும் முறையை உருவாக்கிவந்தது. டோர்னியோ அதை எடுத்துக்கொண்டு ஒரு படி மேலே போனது.

இரண்டு கதையிலும் ஓர் அறை காணாமல் போகிறது. ஹராரேயில் சிபாண்டாவை அறைக்குள் விடவே இல்லை. வெளியே பெஞ்சைப் போட்டதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை, இடமின்மைதான் காரணம். டோர்னியோவிலோ அறை இருந்தது. கேஸ் கட்டுகளைப் பரப்பி, ஊழியர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய அந்த அறையை அவர்களே காலி செய்தார்கள். வறுமை ஒன்றைத் தள்ளிய அதே திண்டாட்டத்துக்குள், வசதி இருந்தும் மற்றொன்று தானாகப் போய் நின்றது. மூடிய அறையில் மருத்துவருக்கு இருக்கும் பாதுகாப்பு பெரியது: தப்பாகப் பேசினாலும் கேட்பாரில்லை. அந்தப் பாதுகாப்பு இரண்டு இடத்திலும் போய்விட்டது.

சிபாண்டா முதலில் பெஞ்சுக்கு 'மனநல பெஞ்ச்' என்றுதான் பெயர் வைத்திருந்தார். அதில் யாரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிமார் சொல்லிவிட்டார்கள். பலகை மாறியது. மருத்துவர் பணிந்துபோன அந்த முதல் விவாதம்தான் திட்டத்தின் அஸ்திவாரம் என்பது என் எண்ணம். சேவையை நடத்துபவரின் பேச்சு மருத்துவரிடம் எடுபடாத இடத்தில், சேவைக்கு வருபவரின் பேச்சு எடுபடும் என்று எதிர்பார்க்க முடியாது. டோர்னியோவிலும் இதே வரிசைதான். கூட்டத்தில் செவிலியர் மருத்துவரோடு எல்லார் முன்னிலையிலும் கருத்து வேறுபடலாம். அதைக் குடும்பம் பார்க்கலாம். ஊழியர்களுக்குள் படிநிலை தளர்ந்த பிறகுதான் நோயாளியின் குரலுக்கு இடம் வந்தது.

இனி இரண்டையும் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

மருத்துவ நிலையத்துக்கு வேறு எதற்கோ வந்த ஒரு பெண்ணிடம் 14 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று கொடுக்கப்படுகிறது. ஷோனா மொழியிலேயே, அந்த மக்கள் தங்கள் வேதனையைச் சொல்லும் விதத்தைக் கேட்டறிந்து ஆக்கிய கேள்விகள். அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருக்கிறீர்களா, தூக்கம் கெட்டதா, அழுகை வருகிறதா, செத்துவிடலாம் போல இருந்ததா என்ற போக்கில் அவை போகும். (இந்தத் தாளின் மூல வடிவத்தை 1990-களில் ஹராரேயில் பணியாற்றியபோது உருவாக்கியவர்களில் முதன்மையானவர் விக்ரம் படேல். அவர்தான் பின்னர் கோவாவில் சங்காத் அமைப்பைத் தொடங்கி, மருத்துவப் பட்டமில்லாத ஆலோசகர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்காரவைத்தார். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்த அறிவு என்று சொல்லிக்கொள்ள நமக்கு அதிகம் வாய்ப்பதில்லை. இது அப்படி ஒன்று.) ஒன்பதும் அதற்கு மேலும் 'ஆம்' விழுந்தால் பெஞ்சுக்கு அழைப்பு.

பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். நடுவில் மேசை இல்லை. முகத்தை நேருக்கு நேர் பார்க்கவேண்டிய கட்டாயமும் இல்லை. இருவர் கண்ணும் ஒரே மண்ணைப் பார்க்கலாம். முதல் கட்டத்துக்கு 'மனத்தைத் திறப்பது' என்று பெயர். என்னென்ன பாரம் என்று பாட்டி கேட்டு, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறார். வாடகை பாக்கி, கணவனின் இன்னொரு உறவு, எச்.ஐ.வி. மாத்திரையை வீட்டில் யாருக்கும் தெரியாமல் விழுங்கவேண்டிய நிலை, மகனின் பள்ளிக் கட்டணம் என்று பட்டியல் நீளும். 'இதில் எதை முதலில் எடுக்கலாம்?' என்று பாட்டி கேட்கிறார். தேர்ந்தெடுப்பது வந்தவர். பாட்டிக்குக் கணவன் விஷயம்தான் பெரிதாகப் படலாம். வந்தவர் பள்ளிக் கட்டணம் என்றால் அன்றைய பேச்சு பள்ளிக் கட்டணம்தான். பிறகு வழி தேடுகிறார்கள். அண்ணனிடம் கேட்கலாமா, தலைமை ஆசிரியரிடம் தவணை கேட்கலாமா, காய்கறி விற்கலாமா? ஒன்றை எடுத்து, எந்த நாள், எத்தனை மணிக்கு, போனதும் முதல் வாக்கியம் என்ன என்பதுவரை பேசிவிட்டு அனுப்புகிறார். அடுத்த முறை வரும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். இப்படி ஆறு அமர்வு வரை. அடுத்த கட்டங்களுக்கு 'தூக்கிவிடுவது', 'வலுப்படுத்துவது' என்று பெயர்.

டோர்னியோவின் ஏற்பாடு வேறு. நெருக்கடி என்று யாரோ தொலைபேசியில் அழைக்கிறார்கள். நோயாளியே அழைக்கலாம், தாய் அழைக்கலாம், பள்ளியிலிருந்து அழைக்கலாம். 24 மணி நேரத்துக்குள் முதல் சந்திப்பு நடக்க வேண்டும் என்பது விதி. தொலைபேசியை எடுத்த ஊழியருக்கே சந்திப்பை ஏற்பாடு செய்யும் பொறுப்பு. 'அது எங்கள் பிரிவு இல்லை' என்ற பதிலுக்கு இடமில்லை. பெரும்பாலும் வீட்டிலேயே கூடுகிறார்கள். இளைஞன், தாய், தகப்பன், அக்காள், அவன் நம்பும் நண்பன் ஒருவன், கூட மூன்று ஊழியர். கூடத்தில் எட்டுப் பேர். தயாரித்த நிகழ்ச்சிநிரல் எதுவும் கிடையாது. இப்படி ஒரு சந்திப்பு வேண்டும் என்ற எண்ணம் எப்படி வந்தது, இந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளோடு தொடங்குகிறார்கள். ஒவ்வொருவரும் பேசியாக வேண்டும், ஒவ்வொருவருக்கும் மறுமொழி கிடைத்தாக வேண்டும். தொலைக்காட்சியில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று இளைஞன் சொன்னால் 'அப்படியெல்லாம் இல்லை' என்று மறுப்பதில்லை; 'ஆமாம்' என்று தலையாட்டுவதுமில்லை. 'எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. எப்போது தொடங்கியது, இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்' என்று அவனுடைய சொற்களையே திருப்பி எடுத்துப் பேசுகிறார்கள்.

நடுவில் ஒரு கட்டம் வரும். ஊழியர்கள் குடும்பத்திடமிருந்து கண்ணை எடுத்து, ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்குகிறார்கள். 'அக்காள் வீட்டை விட்டுப் போனதைச் சொன்னபோது எல்லோரும் சற்று அமைதியானது போல எனக்குப் பட்டது. நான் தவறாகவும் பார்த்திருக்கலாம்' என்கிறார் ஒருவர். 'எனக்கு அவர் தூக்கமில்லாமல் கழித்த இரவுகள்தான் கவலையாக இருக்கின்றன. மாத்திரை வேண்டுமா என்று யோசிக்கிறேன், முடிவுக்கு வரவில்லை' என்கிறார் மருத்துவர். குடும்பம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு, 'நாங்கள் பேசியதில் உங்களுக்கு என்ன தோன்றியது?' என்று பேச்சு திரும்ப அவர்களிடமே போகிறது. கதவு சாத்தி நடந்துவந்த ஊழியர் பேச்சு அப்படியே கூடத்துக்கு வந்துவிட்டது.

இந்த உத்திக்கு நார்வேயின் ட்ரோம்சோ நகரில் ஒரு முன்கதை உண்டு. குடும்பச் சிகிச்சையில் அந்தக் காலத்து வழக்கம், ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் நிபுணர் குழு உட்கார்ந்து குடும்பத்தைக் கவனிப்பது. 1985-இல் டாம் ஆண்டர்சனின் குழு ஒருநாள் விளக்கையும் ஒலிபெருக்கியையும் மாற்றிவிட்டது. நிபுணர்களின் அறையில் வெளிச்சம், குடும்பத்தின் அறையில் இருட்டு. இப்போது குடும்பம் நிபுணர்களைப் பார்த்தது, அவர்கள் பேசியதைக் கேட்டது. பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் நிபுணர்களின் பேச்சு மாறிவிட்டது. இல்லாதவரைப் பற்றிப் பேசும் மொழி வேறு, இருப்பவர் முன் பேசும் மொழி வேறு. அதைத் தனியாக யாரும் போதிக்கவேண்டியிருக்கவில்லை.

நம்மவர்கள் நட்பு பெஞ்சைப் பற்றிப் பேசும்போது 'நம் திண்ணை மாதிரி' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பொருத்தம் பாதிதான். திண்ணையில் பேசியது பொழுது சாய்வதற்குள் தெருக்கோடி போய்ச் சேரும். பெஞ்ச் வெளிச்சத்தில் இருந்தாலும் பேச்சு இருவரோடு நிற்கிறது. அந்த இரட்டைத் தன்மைதான் அதன் சூட்சுமம். போகிறவர் வருகிறவர் கண்ணுக்கு ஒரு பெண் பாட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு முரண் குறுக்கிடுகிறது. பெஞ்சின் அடிப்படை, பிரச்சினையைத் தீர்க்கும் சிகிச்சை முறை. குழம்பிக் கிடப்பதைப் பிரித்து, ஒன்றைக் கையில் எடுத்து, செய்து காட்டுவது. டோர்னியோவின் அடிப்படைகளில் ஒன்றோ 'நிச்சயமின்மையைப் பொறுத்துக்கொள்வது'. அவசரப்பட்டு முடிவெடுக்காதே, விளக்கம் சொல்லாதே, இன்னும் சில நாள் இந்தக் குழப்பத்திலேயே சேர்ந்து உட்காரலாம் என்பது. ஓரிடத்தில் 'இந்த வாரம் என்ன செய்யப்போகிறாய்?' என்பது மரியாதையான கேள்வி. மற்ற இடத்தில் அதே கேள்வி அவமரியாதை. தீர்வு தேடுவது, தேடாமல் இருப்பது இரண்டும் எப்படி ஒரே குடும்பத்தில் சேரும்?

சேரும் இடம் இதுதான்: பிறர் தீர்வை உன்மேல் சுமத்த மாட்டோம் என்ற உறுதி. பெஞ்சுக்கு வரும் பெண்ணிடம் என்ன செய்வது என்பதைப் பற்றி ஓராயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். அவளாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடித்த அனுபவம்தான் குறைவு. சைக்கோசிஸில் இருக்கும் இளைஞனுக்கோ உலகமே தீர்ப்பெழுதக் காத்திருக்கிறது. தீர்ப்பு தள்ளிப்போவதுதான் அவனுக்கு மூச்சுவிட இடம். வேதனை வேறு என்பதால் மரியாதையின் வடிவமும் வேறு. இதைத் தலைகீழாகப் பொருத்தினால் இரண்டுமே கெட்டுப்போகும். வாடகை கட்ட வழியில்லாத பெண்ணிடம் 'நிச்சயமின்மையோடு சேர்ந்திருப்போம்' என்று யாராவது சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள், போவதுதான் சரியும்கூட.

நோய்ப் பெயர் விஷயத்தில் இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. 'மனச்சோர்வு' என்ற மருத்துவச் சொல்லுக்கு பதில் 'குஃபுங்கிசிசா', அதாவது ஓயாமல் யோசித்து யோசித்து நொந்துபோவது என்ற ஊர்ச்சொல்லைப் பாட்டிமார் வைத்துக்கொண்டார்கள். டோர்னியோவில் வெறி, மாயக்குரல் என்பவற்றைக்கூட, இதுவரை வார்த்தை கிடைக்காத ஓர் அனுபவம் வெளிவரும் வழி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெயரிடுவது பின்னால் வரட்டும் என்கிறார்கள். மாத்திரை விஷயத்திலும் இதே நிதானம். சைக்கோசிஸுக்கான மருந்தை முதல் நாளே தொடங்கிவிடுவதில்லை. தொடங்குவதானால் பல சந்திப்புகளில் பேசிய பிறகு. பெஞ்சில் மருந்துக்கே இடமில்லை. ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் அபாயம் தெரிந்தால் பாட்டி அதை மேலே கொண்டுபோக வேண்டும். மேற்பார்வையாளருக்கும், அவர் வழியாக மருத்துவருக்கும் அது போய்ச் சேரும். தன் எல்லை எங்கே முடிகிறது என்று பாட்டிக்குத் தெரிந்திருப்பதும் வந்தவருக்குக் காட்டும் மரியாதையில் சேர்த்திதான்.

படிநிலை விஷயத்தில்தான் இவை எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன, எனக்குச் சற்று உறுத்தலும் அங்கேதான். டோர்னியோவின் ஊழியர்கள் பட்டத்தின் அதிகாரத்தைக் கழற்றி வைக்கிறார்கள். மூன்றாண்டுக் குடும்பச் சிகிச்சைப் பயிற்சியைச் செவிலியர்வரை கொடுத்துத்தான் இதைச் சாதித்தார்கள். தெரியாது என்று சொல்லும் தைரியம் வரவும் நிறையப் படித்திருக்க வேண்டும் போலும். பாட்டிமாரோ தங்கள் அதிகாரத்தைக் கழற்றுவதே இல்லை. நரைத்த முடி, ஊர் முழுக்கத் தெரிந்த முகம், பெற்று வளர்த்த அனுபவம் எல்லாம் பெஞ்சில் அவர்களோடு உட்காருகின்றன. வந்தவர் மனம் திறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மூத்தவரின் சொல்லில் அன்போடு அழுத்தமும் இருக்கும். 'அவன் திருந்துவான், கொஞ்சம் பொறுத்துக்கொள்' என்று சொல்லி அடிக்கும் கணவனிடமே திருப்பி அனுப்பும் பாட்டியை நமக்கும் தெரியும். பெஞ்சில் இதற்குக் கடிவாளம் அந்தப் படிமுறைதான்: பட்டியல் போடு, அவளே தேர்ந்தெடுக்கட்டும், வழியும் அவளே சொல்லட்டும். அறிவுரை சொல்லத் துடிக்கும் நாக்கைப் பயிற்சி அடக்குகிறது. பாட்டியின் அந்தஸ்தை வைத்துக்கொண்டு பாட்டியின் தீர்ப்பை மட்டும் விலக்கிய கெட்டிக்காரத்தனம் இது. எல்லா பெஞ்சிலும் எல்லா நாளும் அது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

சான்று என்று வந்தால் தட்டு ஒரு பக்கம் சாய்கிறது, நாம் எதிர்பார்க்காத பக்கம். ஏழை நாட்டின் திட்டத்துக்குத்தான் திடமான சான்று இருக்கிறது. ஹராரேயில் 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2016 டிசம்பரில் 'ஜாமா' இதழில் வெளியானது. நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பெஞ்சும் மறுபாதியில் வழக்கமான சேவையைச் சற்று மேம்படுத்தியும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறி உள்ளவர்கள் பெஞ்ச் பிரிவில் 13.7 சதவீதம், மற்றதில் 49.9 சதவீதம். அந்த 14 கேள்வித் தாளில் சராசரி மதிப்பெண் இங்கே 3.81, அங்கே 8.90.

டோர்னியோ தரும் எண்களும் கண்ணை விரிய வைப்பவைதான். 2006-இல் வெளியான ஐந்தாண்டுத் தொடர் ஆய்வில், முதன்முறை சைக்கோசிஸுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ 82 சதவீதம் பேரிடம் அறிகுறி மிச்சமில்லை. 86 சதவீதம் பேர் படிப்புக்கோ முழுநேர வேலைக்கோ திரும்பியிருந்தார்கள். மருந்தை ஏதோ ஒரு கட்டத்தில் எடுத்தவர்களே 29 சதவீதம்தான். ஆனால் பிரிவில் இருந்தவர்கள் நாற்பது சொச்சம் பேர், குலுக்கல் கிடையாது, செய்தவர்களும் அந்த முறையை உருவாக்கியவர்கள். சிறிய, ஒருவரையொருவர் அறிந்த வட்டாரம் என்பதால் கிடைத்த பலனா, முறையின் பலனா என்று பிரித்துச் சொல்வது கடினம். பிரிட்டனில் 'ஒடெஸ்ஸி' என்ற பெரிய ஆய்வைத் தொடங்கியதே இந்தக் குறையை நிரப்பத்தான். இதை வைத்து டோர்னியோவைத் தள்ளுபடி செய்வது நியாயமாகாது. 14 கேள்விகளால் அளக்கக்கூடிய வேதனையை அளப்பது, ஒரு குடும்பம் மறுபடி சேர்ந்து பேச ஆரம்பித்ததை அளப்பதைவிட எளிது. பெஞ்ச் அளவுகோலோடு பிறந்தது; டோர்னியோ அளவுகோலைச் சந்தேகித்துப் பிறந்தது.

பெஞ்சில் குடும்பத்துக்கு இடமில்லை. கூடத்தில் குடும்பமில்லாமல் பேச்சே இல்லை. தமிழ் வாசகர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம், ஏனென்றால் குடும்பத்தை உள்ளே அழைப்பதில் நாம் பின்லாந்துக்கு மூத்தவர்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோதே, நோயாளியோடு உறவினர் தங்குவதை ஏற்பாடாக வைத்தது. அமிர்தசரசில் வித்யாசாகர் அதற்கும் சற்று முன்பே மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார். நம் ஊரில் இன்றும் மருத்துவர் அறைக்குள் நோயாளி தனியாகப் போவது அபூர்வம். அம்மா, அண்ணன், மாமா என்று நான்கு பேராவது கூடவே நுழைவார்கள். 'ராத்திரி எல்லாம் முழிச்சுக்கிட்டே இருக்கான் சார், மாத்திரையைத் துப்பிடறான்' என்று அம்மா சொல்வார். மருத்துவர் அம்மாவைப் பார்த்தே அடுத்த கேள்வியைக் கேட்பார். நடுவில் உட்கார்ந்திருக்கும் மகன் மேசை மேலிருக்கும் காகித எடையைப் பார்த்துக்கொண்டிருப்பான். எட்டுப் பேர் கூடிவிட்டதால் மட்டும் உரையாடல் திறந்துவிடாது. நமக்கு டோர்னியோ சொல்லித்தர வேண்டியது குடும்பத்தைக் கூப்பிடுவதை அன்று. கூப்பிட்ட பிறகு மகனிடம் முதலில் கேட்பதை. பெஞ்ச் நமக்குச் சொல்லித்தருவது இன்னும் சங்கடமான பாடம்: நம் மருமகள்களில் பலருக்குக் குடும்பம் காதில் விழாத ஓர் இடம்தான் முதல் மருந்து.

முடிவுக்கு வரும் விதமும் வேறு. டோர்னியோவில் முதல் நாள் வந்த அதே குழு, எத்தனை ஆண்டானாலும், வீடானாலும் வார்டானாலும் மாறாமல் கூட வர வேண்டும் என்பது விதி. உறவு நீள்வதில் அதன் பலம். பெஞ்சில் ஆறு அமர்வோடு பாட்டியின் வேலை முடிகிறது. முடிந்தவர்கள் 'சர்க்கிள் குபதனா தோசே' என்ற குழுவுக்குப் போகலாம். ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கைக் கொண்டு கைப்பை பின்னுவார்கள், பின்னியபடியே பேசுவார்கள், விற்ற காசு வீட்டுக்கு. ஒன்றில் உதவியவர் கூடவே இருக்கிறார். மற்றதில் உதவியவர் விலகி, உதவி பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் உதவத் தொடங்குகிறார்கள்.

இந்தக் கடைசி வேறுபாடும் கப்பலேறியபோது கரைந்துவிட்டது என்பதுதான் எனக்கு இந்த ஒப்பீட்டில் பெரிய வியப்பு. நட்பு பெஞ்ச் நியூயார்க்குக்குப் போனபோது, ஆரஞ்சு நிற பெஞ்சுகளில் உட்காரப் பாட்டிமார் இல்லை. மனநோயையோ போதைப் பழக்கத்தையோ தாங்களே கடந்துவந்தவர்களை நகரச் சுகாதாரத் துறை அந்த இடத்தில் உட்கார வைத்தது. திறந்த உரையாடல் பிரிட்டனின் அரசு மருத்துவ சேவைக்குப் போனபோது, கூட்டத்துக்கு வரும் ஊழியர் குழுவில் ஓர் இடம் இதே போன்றவருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே அந்த முறையின் பெயரிலேயே அனுபவஸ்தர் துணை சேர்ந்துகொண்டது. ஹராரேயும் டோர்னியோவும் கலந்து பேசி எடுத்த முடிவில்லை இது. மாநகரத்தில் தெருவுக்கே தெரிந்த பாட்டியைத் தேடிப்பிடிக்க முடியாது, ஒரு வட்டாரத்து ஊழியர் அனைவருக்கும் மூன்றாண்டுப் பயிற்சி கொடுக்கப் பணமும் கிடைக்காது. அந்த இரண்டு காலி இடத்திலும் வந்து உட்கார்ந்தவர், சில ஆண்டுகளுக்கு முன்வரை எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்.